வற்றம் நிற்கும் நேரம்

மணி இரண்டு பத்து. காலை ஆறு மணிக்கு ஏறியது, மாலை ஆறு வரைக்கும் இந்தப் படகைவிட்டு இறங்க முடியாது. நேற்று இரவு எட்டு மணிக்குமேல் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அப்படியும் அடிவயிறு கனக்கிறது, பாழாய்ப்போன உடம்பு எங்கிருந்துதான் சேர்த்து வைக்கிறதோ. கழிமுகத்தில் வேலை பார்க்க வருகிற பெண் முதலில் கற்றுக்கொள்வது நீச்சல் இல்லை, அடக்கிக்கொண்டு உட்காருவது. அதற்கொரு பரீட்சை வைத்தால் நான் முதல் வகுப்பில் தேறுவேன். தமயந்தி, எம்.எஸ்ஸி. கடல் உயிரியல், வயது முப்பத்தாறு, ஒப்பந்த ஊழியர், பன்னிரண்டு மணி நேரம் அடக்குவாள் என்று போட்டுக்கொள்ளலாம். எதிரே படகின் முனையில் அஞ்சப்பன் அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், படகு அவருடையது, நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கடல் வாயிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே நாலாம் நம்பர் இடத்தில் நங்கூரம் போட்டிருக்கிறோம். மணிக்கு ஒரு தடவை தண்ணீர் எடுக்க வேண்டும், சூடும் உப்பும் கலங்கலும் அளக்க வேண்டும், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் காற்றுக்குமிழ் ஒன்றுகூடப் புகாமல் நிரப்பி இரண்டு மருந்தை ஒவ்வொரு மில்லி விட்டு மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரிந்து அடியில் இறங்கும். நிறைய இருந்தால் சுக்குக் காப்பி நிறம், குறையக் குறைய வெளிறும், ஒன்றுமே இல்லாவிட்டால் வெள்ளை. வெள்ளையை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். மரப்பெட்டியில் ஒன்பது பாட்டில் வரிசையாக நிற்கிறது. ஆறு மணி, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று வரைக்கும் நல்ல கெட்டிப் பழுப்பு. பன்னிரண்டு கொஞ்சம் வெளுப்பு. ஒரு மணி இன்னும் வெளுப்பு. இப்போது குலுக்கி வைத்த இரண்டு மணிப் பாட்டிலில் பால் கூடிப்போன டீயைப் போல ஏதோ ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் அதைப் பார்க்காத மாதிரி நோட்டில் சூட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன், முப்பத்திரண்டு புள்ளி நாலு.

மருந்து கெட்டுப்போயிருக்கும். இல்லை, திங்கட்கிழமை நானேதான் கலக்கினேன், அதே மருந்துதான் காலையில் கெட்டிப் பழுப்பைக் கொடுத்தது. பாட்டில் சரியாகக் கழுவாமல் இருந்திருக்கும். இல்லை. உப்பு என்ன, ஒரு சொட்டை உப்பு பார்க்கிற குழலின் கண்ணாடியில் விட்டு வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன், பத்தொன்பது, காலையில் முப்பத்திரண்டு இருந்தது. அதாவது கடல் தண்ணீர் போய்விட்டது, மேலே இருந்து வேறு தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, சித்திரை அமாவாசையில் மேலே ஏது தண்ணீர், அணையை அடைத்து மூன்று மாதம் ஆகிறது, மேலே இருப்பது இறால் குட்டைகள் திறந்துவிடுகிற கறுப்புத் தண்ணீர்தான். வரட்டும், தண்ணீர் கடலுக்கு இறங்குகிற வற்றத்தில் அது வரத்தான் செய்யும், ஆனால் வற்றம் முடிந்துவிட்டதே, துறைமுகத்து நேர அட்டவணையில் இன்றைக்கு வற்றம் முடிகிற நேரம் ஒன்று நாற்பது என்று போட்டிருக்கிறது, முடிந்து அரைமணி ஆகிறது, இந்நேரம் தண்ணீர் நின்று திரும்பிக் கடலிலிருந்து உள்ளே ஏறியிருக்க வேண்டும். படகின் ஓரமாகப் பார்க்கிறேன். ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் பின்னால் கொஞ்சம் நுரை. அதன் பின்னால் ஒரு அலையாத்தி இலை. எல்லாம் கடலைப் பார்த்தே போகின்றன, நிதானமாக, யாரையும் கேட்காமல். துறைமுகத்தில் ஒன்று நாற்பது. துறைமுகத்தில். துறைமுகம் கடலோரத்தில் இருக்கிறது, நான் ஐந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறேன், அங்கே நின்ற தண்ணீர் இங்கே நிற்க நேரமாகும், முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும் இது, எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை அம்மா எப்போதும் பத்து நிமிடம் கூட்டித்தான் வைத்திருப்பாள், வீட்டில் எல்லோரும் பத்தைக் கழித்துக்கொண்டுதான் மணி பார்ப்போம், புதிதாக வந்த விருந்தாளி மட்டும் அலறியடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார். பதினோரு மாதமாக இந்த ஆற்றில் அந்த விருந்தாளி நான்.

நான் இல்லை, பொய் சொல்லாதே. விருந்தாளிக்கு யாரும் சொல்லவில்லை, எனக்குச் சொன்னார்கள். போன வைகாசி அமாவாசை, வேலையில் சேர்ந்து முதல் நாள். ஏழரைக்கு ஏற்றத்தில் ஒரு பாட்டில், ஒன்று நாற்பதுக்கு வற்றத்தில் ஒரு பாட்டில், நடுவில் மற்ற இடங்கள், இதுதான் வேலை. விவரம் தெரியாமல் காலையில் ஒரு பாட்டில் தண்ணீரும் இரண்டு டம்ளர் டீயும் குடித்துவிட்டு ஏறியிருந்தேன். பதினோரு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. ஒரு மணிக்குக் கண்ணில் நீர் கட்டியது. காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலாம் நம்பரில் ஒன்று நாற்பதுக்குப் பாட்டிலை எடுத்தபோது அஞ்சப்பன் அண்ணன் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இன்னும் வத்து முடியலையே மேடம். ரெண்டு மணி நேரம் போவணும். வத்தத்துத் தண்ணின்னா இருந்துதான் எடுக்கணும்." எவ்வளவு தெளிவாகச் சொன்னார். இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஆண், நாலு பக்கமும் திறந்த படகு, கரை எல்லாம் சேறு. நான் அட்டவணையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "டேபிள்ல ஒண்ணு நாப்பதுன்னு போட்டிருக்குண்ணே." அவர் அந்தத் தாளை மரியாதையாகப் பார்த்தார், "அப்டியா, அப்ப சரிங்க" என்றார். இரண்டரைக்குப் படகுத்துறையில் இறங்கி ஓடினேன், அந்தக் கழிவறையின் உடைந்த கதவும் ஈரத் தரையும் சொர்க்கமாக இருந்தன. அதற்கப்புறம் அமாவாசைக்கு ஒன்று பௌர்ணமிக்கு ஒன்று என்று எத்தனை தடவை, எல்லாம் ஒன்று நாற்பது, ஒன்று முப்பத்தைந்து, ஒன்று ஐம்பது, அட்டவணை சொன்னபடி, கெட்ட தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்னால் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய்விட்டேன். இரண்டாம் தடவை அவர் சொல்லவில்லை. மூன்றாம் தடவையும் சொல்லவில்லை. ஒரு தடவை தாளைக் காட்டிவிட்டால் அதற்கப்புறம் யார் சொல்வார்கள். மெல்ல மெல்ல எனக்கும் அதுதான் வற்றம் என்று ஆகிவிட்டது, சத்தியமாக ஆகிவிட்டது, பொய்யை எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு நாளும் எழுதியதில்லை. ஆனி மாதத்தில், மேலிருந்து ஒரு சொட்டு நல்ல தண்ணீர் வராத மாதத்தில், நாலாம் நம்பர் வற்றத்தில் ஆக்சிஜன் ஐந்து புள்ளி ஒன்று என்று எழுதிவிட்டு, பரவாயில்லையே இந்த ஆறு என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

"தண்ணி குடிங்க மேடம், வெயில்ல மயக்கம் வந்துடும்" என்று அஞ்சப்பன் அண்ணன் கேனை நீட்டுகிறார். வேண்டாம் என்கிறேன். "காலையிலேந்து ஒண்ணும் குடிக்கல நீங்க." தாகமில்லை என்கிறேன், நாக்கு அந்தச் சொல்லைச் சொல்லவே புரளவில்லை. அவர் தலைக்குப் பின்னால், முந்நூறு மீட்டர் மேலே, ஆறு வளைகிற இடத்தில் பெரியமடு இருக்கிறது, மடுவில் இரண்டு சதுரக் கூண்டு மிதக்கிறது, நீல டிரம்கள் வெயிலில் தெரிகின்றன. கூண்டுக்குள் ஆயிரத்து எண்ணூறு கொடுவா மீன். அதைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு நேரமாக முயற்சி செய்கிறேன், பாட்டிலைப் பார்த்தேன், டம்ளரைப் பார்த்தேன், எங்கெங்கோ பார்த்தேன். போன புரட்டாசியில் ஒரு நாள், இதே படகில், இதே மாதிரி எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டார். அலையில் படகு கவிழ்ந்து இடது தோள் விலகி மூன்று வருடம், கைக்கு வலை இழுக்கிற தெம்பு இல்லை, கடலுக்குப் போக முடியாது. "கொடுவா வளக்கலாம்னு பாக்குறேன் மேடம். பெரியமடு ஆவுமா? கெட்ட தண்ணி கிண்ணி வருமா? உங்களுக்குத்தான் தெரியும்." எனக்குத்தான் தெரியுமாம். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. நோட்டைப் பிரித்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். "வத்தத்துலயே அஞ்சுக்குக் கீழ போனதில்லண்ணே. மூணு இருந்தாலே மீன் பொழைக்கும். தாராளமா போடுங்க." தாராளமா என்ற சொல்லை எதற்குச் சொன்னேன், போடுங்க என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா. கார்த்திகையில் விரல் நீளக் குஞ்சு விட்டார், மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆறு நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஒவ்வொன்றும் முக்கால் கிலோ, ஆனியில் பிடிக்க வேண்டியது. அவர் மனைவி பூங்காவனம் காலையிலிருந்து மாலை வரை கூண்டுப் பலகையிலேயே கிடக்கிறாள், பொடிமீனை நறுக்கித் தீனி போடுகிறாள், வாலில் வெட்டுப்பட்ட ஒன்றுக்குத் துரை என்று பேர்கூட வைத்திருக்கிறாள். போன பௌர்ணமிக்கு மறுநாள் நாலு மீன் மிதந்தது என்று அஞ்சப்பன் அண்ணன் சொன்னபோது நான் என்ன சொன்னேன். வெயில் என்றேன். ஐயோ, நான் வெயில் என்றேன்.

இரண்டு முப்பத்தைந்து. மணி ஆகட்டும் என்று இருக்க முடியாமல் ஒரு பாட்டில் கூடுதலாக எடுத்துக் குலுக்கினேன். மங்கலான பழுப்பு, பழுப்பு என்று சொன்னால்தான் பழுப்பு. தேவநாதன் சாருக்குப் போன் போட்டேன், படகின் பின்பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி. ஆய்வு மையத்தில் என் மேலதிகாரி, நல்ல மனிதர்தான், வருடம் முடிகிறது, ஒரு முழு நாள் அளவு வேண்டும் என்று என்னை இன்றைக்கு அனுப்பியவர். "சார், நாலாம் நம்பர்ல ஆக்சிஜன் எறங்கிக்கிட்டே போகுது. கலரைப் பாத்தா ஒண்ணுக்குக் கீழ இருக்கும்." "ரீஏஜென்ட் மருந்து பழசாயிருக்கும் தமயந்தி. டூப்ளிகேட் எடுத்து வைங்க." "புதுசு சார். சார், டேபிள் நேரம் துறைமுகத்துக்கு. இங்க வத்தம் ரெண்டு மணி நேரம் லேட்டு. பதினோரு மாசமா நான் எடுத்தது எதுவும் வத்தமே இல்ல சார்." அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரிப்போர்ட் போயாச்சேம்மா" என்றார். "இங்க கூண்டு இருக்கு சார். நம்ம அஞ்சப்பனோடது." "அவர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. கன்ஃபார்ம் ஆகட்டும். லேப்புக்கு வாங்க, பாத்துக்கலாம்." பாத்துக்கலாம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அஞ்சப்பன் அண்ணன் தாம்புக் கயிற்றில் பிரிந்த இழையை முறுக்கிக்கொண்டிருக்கிறார், "சார் நல்லாருக்காருங்களா?" என்கிறார். நல்லாருக்கார். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன செய்வார். கூண்டைக் கட்டி இழுத்துக் கடல் பக்கம் கொண்டுபோக ஆறு பேர் வேண்டும், இரண்டு படகு வேண்டும், ஊர் ஆண்கள் எல்லோரும் கடலில் இருக்கிறார்கள், நாலு மூலையிலும் சிமெண்டுக் கட்டை சேற்றில் புதைந்திருக்கிறது. ஒன்றும் செய்ய முடியாது என்றால் எதற்குச் சொல்ல வேண்டும், இன்னும் ஒரு மணி நேரம் நிம்மதியாகக் கயிறு முறுக்கட்டும். அப்படி நினைப்பது அவருக்காகவா எனக்காகவா. எனக்காகத்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் என்ன சொல்வேன், அட்டவணை என்பேன், அன்றைக்கே சொன்னேனே என்பார், அதற்கு என்ன சொல்வேன். படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, மழை, காற்று, எஞ்சின் கோளாறு எல்லாம் எழுதலாம், இதை எழுத முடியாது. தேவநாதன் சார் அந்தக் காலத்தில் இதே ஆற்றில் முழு நாள் முழு நாளாக நின்று அளந்தவர், பெருமையாகச் சொல்வார், அவருக்கென்ன, படகின் ஓரத்தில் திரும்பி நின்றால் முடிந்தது. ஒரு பெண்ணின் மூத்திரப்பையை நம்பி ஒரு ஆற்றின் கணக்கு நடந்திருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் அடிவயிறு வலிக்கிறது, வலியில் கண் நிறைந்துவிடுகிறது. மணி மூன்று. எடுத்தேன். மருந்து விட்டேன். குலுக்கினேன். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளை. புத்தகத்தில் போட்டிருந்ததைவிட அழகாக இருந்தது.

அஞ்சப்பன் அண்ணனின் போன் அடித்தது. ஒரு காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். பூங்காவனத்தின் குரல், உற்சாகமாக, "என்னாங்க, மீனு அத்தனையும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. இவ்ளோ கூட்டமா மேல வந்ததே இல்ல. பசிபோலருக்கு, சாயங்காலத் தீனிய இப்பவே போட்டுடவா?" அவர் முகம் மலர்ந்துபோனது. என்னைப் பார்த்து, "பாத்தீங்களா மேடம், வளர்ற புள்ளைங்களாட்டம் நேரங்காலம் இல்லாம பசி" என்றார். "போடு, போடு, நல்லா போடு" என்று போனில் சொன்னார். நான் அந்த இரண்டு விநாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை, அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வந்தது. "போட வேணாம்ணே." "ஏங்க?" "அது பசி இல்லண்ணே. மூச்சு முட்டுது. தண்ணியில ஆக்சிஜன் இல்ல." பாட்டிலை எடுத்துக் காட்டினேன், எதற்கோ, காட்டினால் நம்புவார் என்றா, முன்பு தாளைக் காட்டியவள் இப்போது பாட்டிலைக் காட்டுகிறேன். அவர் அந்த வெள்ளையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்தார், காற்றை மோந்து பார்த்தார். எழுந்து நங்கூரத்தை ஒற்றைக் கையால் இழுத்தார், நானும் பிடித்து இழுத்தேன், எஞ்சினைப் போட்டார். நூறு மீட்டர் போயிருப்போம். அடியில் உரசியது. வற்றத்தில் வெளியே வருகிற சேற்றுத் திட்டு ஆற்றுக்குக் குறுக்கே படுத்துக்கிடந்தது, எஞ்சின் சேற்றைக் கிண்டிக் கறுப்பாகத் துப்பியது, அழுகின முட்டை நாற்றம். எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கோலைப் போட்டுத் தள்ளினார். கோல் சேற்றில் போய்க்கொண்டே இருந்தது. இறங்கினார், தொடை வரைக்கும் புதைந்தது, வலது தோளைப் படகில் கொடுத்து முட்டினார், இடது கை தொங்கியது. நானும் இறங்கினேன், இடுப்புவரை சேறு, இரண்டு பேரும் முட்டினோம், படகு அசையவில்லை. திரும்பவும் தண்ணீர் ஏறினால்தான் இது நகரும், திரும்பவும் தண்ணீர் ஏறினால்தான் அந்த மீனும் பிழைக்கும், அதுவரை நாங்கள் இங்கே நிற்க வேண்டும். அவர் போனை எடுத்தார். "பூங்காவனம், தீனி போடாத." அந்தக் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது, "ஒரு கூடை போட்டுட்டேனே. ஒண்ணுகூடத் திங்கலங்க. தீனி அப்படியே மெதக்குது, மீனு அதுக்குப் பக்கத்துலயே வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. என்னாங்க இது?" "தண்ணிய அடி. தட்டால அடி, துடுப்பால அடி, கையில கெடைக்கறத எடுத்து அடி, வுடாத அடி."

படகுக்குள் ஏறி உட்கார்ந்தோம், சேறு வழிய. இருநூறு மீட்டர் தள்ளி அவள் அடிப்பது தெரிகிறது. ஆரஞ்சு நிறச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தீனித் தட்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி அடிக்கிறாள், தண்ணீர் சிதறுகிறது, அப்புறம்தான் சத்தம் வருகிறது. அடித்தால் கொஞ்சம் காற்று கலக்கும், உண்மைதான், ஒரு தட்டுக்கு எவ்வளவு கலக்கும் என்று என் மூளை கணக்குப் போடப் பார்க்கிறது, சனியனே சும்மா இரு என்கிறேன், அது கேட்கவில்லை, இரண்டு கூண்டு, ஆயிரத்து எண்ணூறு, ஒரு பெண். முதல் வெள்ளை வயிறு தெரிந்தது. அடுத்தது. பிறகு எண்ண முடியவில்லை, சூரியன் தண்ணீரில் பட்டுக் கூசியது, அது மீனா வெயிலா என்று தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. அஞ்சப்பன் அண்ணன் பார்க்கிறார், திரும்பிக்கொள்கிறார், திரும்பவும் பார்க்கிறார். கடைசியில் என்னிடம், கோபமே இல்லாமல், "அன்னைக்கே சொன்னேங்களே மேடம், இன்னும் வத்து முடியலன்னு" என்றார். "ஆமாண்ணே." "தாளுல இருக்குன்னீங்க. படிச்சவங்களுக்கு அதுல வேற கணக்கு இருக்கும்போலன்னு இருந்துட்டேன். அப்பறம் நீங்க நோட்டக் காட்டுனப்பகூட, இது எந்த வத்தத்துல எடுத்ததுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். எனக்குத் தோணல." அவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார், என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை, திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். "ரெண்டு மணி நேரந்தானே மேடம். ஏன் நிக்கல?"

அட்டவணை என்று சொல்லலாம். வேறு இடங்களுக்குப் போக வேண்டியிருந்தது என்று சொல்லலாம். தேவநாதன் சார் மேல் போடலாம், அவர் இங்கே இல்லை. "ஒண்ணுக்கு வந்துச்சுண்ணே" என்றேன். "காலையிலேந்து அடக்கிக்கிட்டு இருந்தேன். படகுல எங்க போறதுன்னு தெரியல. முதநாளு, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. அதான் தாளைக் காட்டினேன்." சொல்லி முடித்தபோது சாக வேண்டும் போல இருந்தது. அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "அதுக்கா?" என்றார். வலது பக்கம் கரையோரமாகப் பச்சையாக நின்ற அலையாத்தித் திட்டைத் தாடையால் காட்டினார். "சொல்லியிருந்தா அங்க எறக்கி வுட்டுட்டு நான் அந்தாண்ட திரும்பிக்கிட்டு நின்னுருப்பனே மேடம். உள்ள கெட்டித் தரதான், கால் பொதையாது. பூங்காவனம் இத்தினி வருசமா அங்கதான் போவா." அதைச் சொன்ன விதத்தில் குத்தல் எதுவும் இல்லை, வழி கேட்டவருக்கு வழி சொல்கிற குரல். இருபது அடி தூரம்தான் அந்தத் திட்டு, பதினோரு மாதமாக அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன், அலையாத்தி என்று நோட்டில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். அழுதேன். அவர் துண்டால் தன் முழங்கையில் இருந்த சேற்றைத் துடைத்தார். பிறகு படகின் ஓரமாகக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நுரை நின்றிருந்தது. கடலைப் பார்த்தும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. "நின்னுடுச்சு மேடம்" என்றார். "இதான் வத்தம். எடுத்துக்கங்க." பாட்டிலை அவரே எடுத்துக் கொடுக்கிறார். மணி மூன்று இருபத்தெட்டு. குமிழ் புகாமல், மெதுவாக, நிரப்புகிறேன். அந்தப் பக்கம் பூங்காவனம் இன்னும் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கிறாள்.